பிறந்த வீட்டுக்கு ஒரு பலகை

எடின்பரோ நகரில் கௌகேட் என்று ஒரு பழைய தெரு இருக்கிறது. அங்கே பாலத்தடியில் ஒரு நினைவுப் பலகை. ஜேம்ஸ் கானலி 1868 ஜூன் 5இல் இந்தத் தெருவின் 107ஆம் எண் வீட்டில் பிறந்தார் என்கிறது. 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினில் படை நடத்தி, காயத்தால் நிற்க முடியாத நிலையில் நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட அதே தொழிற்சங்கத் தலைவர்தான். அயர்லாந்து கொண்டாடும் அந்த மனிதர் பிறந்தது ஸ்காட்லாந்தில். பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்த அயர்லாந்துக்காரர்கள் நெருக்கியடித்துக் கிடந்த சேரியில். அப்பா நகராட்சிக்குச் சாணமும் குப்பையும் அள்ளும் வண்டிக்காரர்.

எங்கே பிறப்பது என்பதில் யாருக்கும் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. பிறகு எதற்குப் பலகை? அந்தப் பலகையால் கானலிக்கு ஒன்றும் கூடிவிடப் போவதில்லை. அந்தத் தெருவுக்குத்தான் கூடுகிறது. குப்பை வண்டிக்காரன் வீட்டிலிருந்தும் இப்படி ஒருவர் வரலாம் என்று அந்தச் சந்தில் வளரும் பிள்ளைக்கு அது சொல்கிறது.

நம்மிடமும் ஒரு கானலி இருந்தார். மலாயா கணபதி. தஞ்சைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்து, இங்கே மலாயாவுக்கு வந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, தூக்கு வேண்டாமென்று இந்திய அரசாங்கம் கேட்டும் கேளாமல், 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடியும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. பழைய வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வாசலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தால் துன் சம்பந்தன் சாலை. முன்பு அது பிரிக்பீல்ட்ஸ் ரோடு. பூமாலைக் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நிமிர்ந்து பார்ப்பார்கள்? சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பிறந்த இடத்தைப் பற்றி அவரைவிடக் காரியமாக யோசித்தவர் இந்த நாட்டில் குறைவு என்பேன். விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிறந்த லயத்திலேயே இருக்க வேண்டுமென்றால் அந்தத் தோட்டத்தை வாங்கியாக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். பிறந்த மண் என்று மேடையில் உருகுவது எளிது. பிறந்த மண்ணுக்குத் தவணை கட்டியவர்கள் இவர்கள்.

எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. என் பெரியம்மா பிறந்த தோட்டம் கிள்ளான் பக்கம். இப்போது அங்கே கேட் போட்ட இரண்டு மாடி வீடுகள். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த நேப்பாளத்து ஜாகா, எந்த வீட்டுக்கு, எண் என்ன என்று மலாயில் கேட்டார். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "மூணாவது லயம், கடைசி வூடு. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால" என்றார், தமிழிலேயே. நான் சமாளித்து உள்ளே காரைத் திருப்பினேன். ஆயாக்கொட்டகை இருந்த இடம் என்று அவர் கைகாட்டியது ஒரு பூப்பந்து மைதானம். அவருடைய பிறப்புப் பத்திரத்தில், அந்தச் சூராட் பெரானாக்கில், இன்னமும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. வரைபடத்தில் இல்லை. (என் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கிள்ளான் பெரியாஸ்பத்திரியில் பிறந்த இன்னும் எத்தனையோ ஆயிரம் பேரில் அவர்களும் சேர்த்தி. நாளைக்கு இவர்களில் பத்துப் பேர் தலைவர்களானால் பிரசவ வார்டுச் சுவர் போதாது.)

வீடு நின்றால்தான் பலகை அடிக்க முடியும் என்றால் நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பலகையே கிடையாது. கௌகேட்டிலும் அந்தப் பழைய வீடு இல்லை, பாலத்துச் சுவரில்தான் அடித்திருக்கிறார்கள். ஆகவே சுவர் எங்காவது கிடைக்கும். யாருக்காக அடிப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

என்னைக் கேட்டால் 1941க்கு ஒன்று வேண்டும். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் எழுந்தன. 'தமிழ் நேசன்' துணையாசிரியர் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். காசு செலவில்லாத கோரிக்கை. மே மாதம் நாதனைப் பிடித்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். செத்தவர்கள் எந்த லயத்தில் பிறந்தவர்கள் என்று தேடி அலைய வேண்டாம். கூலிக் கோரிக்கையோடு அந்தச் சைக்கிள் வரியையும் பலகையில் எழுதினால் போதும். கிள்ளானில் ஆள் நடமாடும் ஒரு சாலையோரமாக இருக்கட்டும்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்கப்பாவுக்கு ஏதுய்யா சைக்கிளு, நடந்துதான் பெரட்டுக்குப் போவாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதறதுதான் எழுதற, மலாயிலயும் எழுதச் சொல்லு. அந்த ஜாகாத் தம்பி மாதிரி ஆளுங்களுக்கும் வெளங்கணும்ல?"