இருபது நிமிடப் பிரசங்கம்

2023 கிறிஸ்துமஸ், நள்ளிரவுத் திருப்பலி. குடிலில் சீரியல் செட் மினுமினுக்க, பங்குத்தந்தை பிரசங்கத்தைத் தொடங்கினார். குடில் போட்டிக்கு வந்த குடில்கள், பாடகர் குழுவின் உழைப்பு, மணிக்கூண்டு நிதிக்கு இன்னும் வரவேண்டிய பாக்கி. இருபது நிமிடம். பெத்லகேம் என்ற பெயர் நாலைந்து தடவை வந்தது; எல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பெத்லகேம்.

இன்றைய பெத்லகேமில், காசா போரால், அந்த வருஷம் பொதுக் கொண்டாட்டமே கிடையாது. அங்குள்ள லூத்தரன் ஆலயத்தில் பாலனைக் கான்கிரீட் இடிபாட்டுக்கு நடுவே, பாலஸ்தீனச் சால்வை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். டிசம்பர் 16 அன்று அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு தாயும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போப் பிரான்சிஸ் மாலையானால் அந்தப் பங்குக்குப் போன் போட்டு, சாப்பிட்டார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஃபாதரிடம் நான் அரசியல் எதிர்பார்க்கவில்லை. ஏரோது பச்சைப்பிள்ளைகளைக் கொன்றதும், திருக்குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடியதும் மத்தேயு நற்செய்தியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால்கூடப் போதும். மன்றாட்டிலாவது வருமா என்று பார்த்தேன். உலக சமாதானத்துக்காக ஒரே ஒரு வரி. பதிலை நானும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். யாருக்காக என்று நினைக்கக்கூட இல்லை.

பூசை முடிந்து, பாலன் பாதத்தை முத்தி செய்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இரண்டு துண்டு வாங்கிக்கொண்டேன்.