நோன்பும் நோயும்

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டை நம்மவர் பலரும் கண்டிருப்பர். இம்மரபில் வந்த இல்லத்தில் ஓர் இளம்பெண் உணவை மறுத்தால் எவரும் ஐயுறுவதில்லை; புண்ணியம் என்று மகிழ்வோரும் உளர். அவள் நோற்கின்றாளா, நோயுற்றாளா என்று எங்ஙனம் அறிவது?

2016ஆம் ஆண்டு ஐதராபாத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 68 நாள் நோன்பை முடித்தபின் இறந்தாள். அவளை நோயாளி என்று நான் கூறவில்லை. ஆயினும், வளரும் உடலுக்கு எவ்வளவு தாங்கும் என்று அளந்துரைக்கும் கடமை பெரியோருடையதன்றோ?

நோன்புக்கு எல்லை உண்டு, பாரணை உண்டு. நோற்பவர் உணவைக் கண்டு அஞ்சுவதில்லை, எதையும் மறைப்பதுமில்லை. அனோரெக்சியா என்னும் நோயிலோ எல்லை நாளுக்கு நாள் தள்ளிப்போகும். எலும்பு தெரிய மெலிந்தும் 'பருத்துவிட்டேன்' என்பாள், உணவை ஒளிப்பாள். மாதவிலக்கு நின்றுபோகலாம், இதயத்துடிப்பு தளரும். வேறு சிலர் மிகுதியாக உண்டு, மறைவில் வாந்தி எடுப்பர். பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழும் மாணவியை, 'வெயில்' என்று சொல்லி நிழலில் அமர்த்திவிடுவது ஆசிரியர் வழக்கம். காலையில் என்ன உண்டாள் என்றும் கேட்க வேண்டும்.

இது மேலைநாட்டார் நோய் என்று தள்ளுவதற்கில்லை. நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தம்மிடம் வந்த சிறாரிடையே அனோரெக்சியாவும் இருந்தது. மனக்காரணத்தால் வரும் வாந்தியே மிகுதியாக இருந்தது. வயிற்றுக் கோளாறு என்று மருந்து வாங்கிக்கொண்டே காலம் கடத்தும் குடும்பங்கள் இதைக் கருத வேண்டும்.

கடிந்துகொள்வதால் பயனில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரெனப் பெருமளவு உணவைச் செலுத்தினால் இரத்தத்தின் உப்புச்சத்துகள் சீர்குலைந்து உயிருக்கே கேடாகும். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். நீண்ட நோன்பின் பாரணையில் நீர்த்த உணவைச் சிறிது சிறிதாகத் தரும் நம் பாட்டியர்க்கு இது புதிதன்று. இளையோர் சிகிச்சையில், வேளைதோறும் உடனமர்ந்து உண்பிக்கும் பொறுப்பைப் பெற்றோரே பல மாதம் ஏற்கின்றனர். பாகாயம் மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவது நெடுநாள் வழக்கம். திருமணப் பேச்சு கெடும் என்றஞ்சி அங்குச் செல்லத் தயங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. மெலிவை எத்தனை நாள் மறைப்பது?

'விரதத்தைத் தடுத்தால் பாவமாகாதா?' என்று கேட்பர். தவம் பன்னிரண்டு. உண்ணாமை அவற்றுள் ஒன்றே. நூலோதுதலும் பிறர்க்குத் தொண்டு செய்தலும் அகத்தவங்களே. நலம்பெறும் வரை அட்டமி, சதுர்த்தசி நாள்களில் அவற்றை அவளுக்கு விரதமாகத் தரலாம். பொழுது சாயுமுன் உண்ணும் நம் ஒழுக்கத்தை முதல் நாளே மருத்துவரிடம் கூறிவிட்டால், வேளை உணவு அனைத்தையும் பகலுக்குள் வகுத்துத் தரும்படி கேட்கலாம்.