ஐந்து தளம், அறை இல்லை

பழைய கட்டடம் ஒன்றை வாங்கினால் வீட்டில் எழும் முதல் பேச்சு, எத்தனை ரூம் போடலாம் என்பதுதான். அந்தப் பேச்சே இல்லாமல் ஒருவர் குடியேறிய கட்டடம் ஒன்று என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நியூயார்க்கின் சோஹோவில், ஸ்பிரிங் தெருவும் மெர்சர் தெருவும் சேரும் முனையில் நிற்கிறது அது. 1870-இல் கட்டியது, முகப்பு வார்ப்பிரும்பு. இரும்பு என்பதால் சட்டங்கள் மெலிந்து, ஜன்னல்கள் பெருத்தன. மின்விளக்கு வராத காலத்தில் வியாபாரத்துக்கு அந்த வெளிச்சம் தேவைப்பட்டது. கலைஞர் டொனால்ட் ஜட் 1968-இல் 68,000 டாலருக்கு வாங்கியபோது உள்ளே கிடந்தவை பழைய இயந்திரங்களும் குப்பையும்.

குப்பையை அள்ளினார். தளங்களைத் தடுத்து அறைகளாக்கவில்லை. தளத்துக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டார்: இரண்டில் சமையல், மூன்றில் வேலை, ஐந்தில் உறக்கம். (அமெரிக்கக் கணக்கில் தரைத்தளமே ஒன்று.) மூன்றாம் தளத்தில் தரைப்பலகை சுவரைத் தொடாதபடி சுற்றிலும் சிறு இடைவெளி விட்டார், தரை தனியாகத் தெரிய வேண்டும் என்று. படுக்கும் தளத்தின் நீளத்துக்கு நண்பர் டான் ஃபிளாவினின் குழல்விளக்குப் படைப்பு. கண்காட்சிக்கூடத்தில் சில வாரம் காட்டிவிட்டு மூட்டை கட்டுவது ஜட்டுக்குப் பிடிக்காது. ஒரு படைப்புக்கு இடம் பார்த்து வைத்துவிட்டால் அது அங்கேயே இருக்க வேண்டும். அதன் அருகிலேயே மனிதர் சாப்பிட்டு உறங்க வேண்டும். வீடு எங்கே முடிகிறது, காட்சிக்கூடம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

இதைப் புகழ்வது எளிது. என்னால் அங்கே ஒரு மாதம் இருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். கோபித்துக்கொண்டு போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஆடம்பரமல்ல, அவசியம். இன்னொரு கசப்பும் உண்டு. சோஹோவின் மாடிகளில் கலைஞர்கள் திருட்டுத்தனமாகத்தான் குடியிருந்தார்கள்; நகர நிர்வாகம் 1971-இல்தான் அதை அனுமதித்தது. அவர்கள் வந்ததால் பகுதிக்குப் பேர் வந்தது. பேர் வந்ததும் வாடகை ஏறியது. இன்று அங்கே விலையுயர்ந்த துணிக்கடைகள். ஜட்டே எழுபதுகளில் டெக்சஸின் மார்ஃபா என்ற சிற்றூருக்கு மாறிவிட்டார்.

ஆனாலும் ஒன்றில் அவர் பக்கம்தான் நான். கட்டடத்தை ஒரே மூச்சில் முடித்துப் பால் காய்ச்சவில்லை. குடியிருந்தபடியே, ஒவ்வொரு தளத்தையும் வெவ்வேறு சமயத்தில் சீர்செய்தார். 1994-இல் அவர் இறந்தபின், மூன்றாண்டுப் புதுப்பிப்பு முடிந்து 2013-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பொருட்களை அவர் வைத்த இடத்தில் வைத்தே காட்டுகிறார்கள்.

பழைய கட்டடம் வாங்கியிருப்பவருக்கு ஒரு வார்த்தை: கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உள்ளே இருந்து பாருங்கள். எந்த ஜன்னல் வழியே வெயில் வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்தபின் அறை போடலாம்.