பத்தினிக்குக் கொடுத்த புண்ணியம்

முல்லைத்தீவுக் கடலில் அள்ளிய உப்புநீரில் எரிந்த விளக்கு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் தங்கி, நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியை வந்தடையும் வைகாசிப் பொங்கலன்று, அங்கே நெருக்குண்டு நிற்கும் அடியாருள் எத்தனை பேருக்கு, அதே தெய்வம் வவுனியாவின் தெற்கெல்லைக்கு அப்பால் வேறொரு பாஷையில் வேறொரு விருத்தாந்தத்தோடு வழிபடப்படுகின்றாள் என்ற நினைவு வரும் என்று நான் யோசிப்பதுண்டு. அங்கே அவள் பத்தினி தெய்யோ. கோவலன் அங்கே பாலங்க. செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோயிலுக்கு இலங்கைக் கயவாகு வந்திருந்தான் என்று சிலப்பதிகாரமே கூறுவதால், இந்த உறவு நேற்று முளைத்ததன்று.

குளத்தின் ஒரு கரையில் தமிழ்க்குடிகளும் மறுகரையில் சிங்களக்குடிகளும் வாழ்ந்த ஓர் எல்லைக் கிராமத்துப் பெரியவர் ஒருவரை என் இளமையில் அறிவேன். அப்பு என்றே நாங்கள் எல்லோரும் அழைப்போம். எழுத்து அறியாதவர், இரண்டு பாஷையும் அவர் வயல் வரப்பில் கற்றவை. பிள்ளைக்குக் கொப்புளம் கண்டால் எங்கள் கரையில் "அம்மாள் வந்திருக்கிறா" என்று குரலைத் தாழ்த்துவோம். மறுகரையில் அதற்குத் "தெய்யன்கே லெட", அதாவது தெய்வங்களின் நோய், என்று பெயர். இரு கரையிலும் வேப்பிலைதான், இரு கரையிலும் குளிர்ச்சிதான். ஆயினும் ஒரு வீட்டில் வந்து படுத்திருப்பவள் தாயே, மற்ற வீட்டில் தெய்வங்களுக்கு உரியதொரு பிணி. நோயாளியின் பாயருகே நின்று இரண்டையும் அந்தந்த வீட்டாருக்கு ஏற்றபடி, சிறிதும் தடுமாறாமல், அப்பு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேன்: "அப்பு, சிங்களத்தில கும்பிடேக்க உங்களுக்கு வேற சாமியாத் தெரியுதோ?"

"சாமி ஒண்டுதான் தம்பி. ஆனா அங்க போனா அவவுக்குப் புண்ணியம் குடுக்கவேணும், இஞ்ச வந்தா அவவிட்டக் கேக்கவேணும். குடுக்கப் போறவன்ர கை ஒரு மாதிரி நீளும், கேக்கப் போறவன்ர கை வேற மாதிரி நீளும்," என்று சொல்லி, இரண்டு விதமாகவும் கையை நீட்டிக் காட்டினார்.

அந்தக் கை நீட்டலில் அடங்கியிருந்த தத்துவ பேதத்தை நான் விளங்கிக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. சிங்களத்தில் 'பின்' என்பது புண்ணியம். தானத்தாலும் பிரித் என்னும் பௌத்த ஓதலாலும் ஈட்டிய புண்ணியத்தைப் பௌத்தன் தேவர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றான். ஏனெனில் தேவர்களும் சம்சாரத்துள் உழல்பவர்களே. பத்தினியும் என்றோ ஒரு பிறவியில் புத்தராகும் பிரார்த்தனையோடு நடப்பவள் என்பதால், மனிதன் கொடுக்கும் புண்ணியம் அவளுக்கு வழிப்பயணத்தின் கட்டுச்சோறு. சித்தாந்த நெறி நின்ற சைவனுக்கோ வினை சடம். அது தானாக வந்து பயனளிக்காது. அதனை ஊட்டுவிப்பதும் அருளாற் கழிப்பதும் இறைவன் செயல். அந்தச் சைவன் அம்மன் முன்போய், 'இந்தா, என் புண்ணியம்' என்று நீட்டுவது கடலுக்கு உப்பு விற்கப் போவதை ஒக்கும்.

சொல் கலவாத அறிவே உலகில் இல்லை என்றார் பர்த்ருஹரி. அது முற்றும் மெய்யானால் அப்பு இரண்டு உலகங்களில் மாறிமாறி வாழ்ந்தார் என்றே முடிவு செய்ய வேண்டும். எனக்கு அது ஒப்பவில்லை. 'ஏதோ ஒன்று உளது' என்று மட்டும் தோன்றும் முதற்கணத்து அறிவை நிருவிகற்பக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் வந்து ஒட்டியபின் தெளிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் நம் அளவை நூலார் பகுத்தார்கள். இரு பாஷை அறிந்தவனுக்கு அந்த ஐந்தும் இரண்டு தொகுதிகளாக வந்து ஒட்டுகின்றன; அப்போதுதான், ஒட்டியவை வேறு, ஒட்டப்பட்டது வேறு என்ற சந்தேகமாவது அவனுக்கு உண்டாகின்றது. ஒரே பாஷையில் வளர்ந்த பண்டிதனுக்கு இந்தச் சந்தேகம் வர ஒரு சாஸ்திரமே வேண்டியிருக்கிறது.

இதைச் சிங்களம் ஒருவிதம், தமிழ் ஒருவிதம் என்று முடித்துவிடவும் முடியாது. மணிமேகலையின் வஞ்சிமாநகர் புக்க காதையில், கோயிலில் தெய்வமாய் நிற்கும் கண்ணகியே மணிமேகலையிடம், மதுரையை எரித்த வினை தன்னைத் தொடரும் என்றும், தானும் கோவலனும் பல பிறவி எடுத்துப் பின் புத்தன் அறம் கேட்டு வீடு பெறுவோம் என்றும் உரைக்கின்றாள். வினைக்கு உட்பட்ட தெய்வத்தை மறுகரையார் நமக்குப் புதிதாகக் காட்டவில்லை. சாத்தனார் தமிழிலேயே பாடி வைத்ததை நம் வழக்கு கைவிட்டது. பாஷை ஒரு சிந்தனைக்கு இடந்தராது என்று சொல்பவர்கள், அந்தப் பாஷையில் எவ்வளவு மறந்துபோயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956இன் தனிச்சிங்களச் சட்டத்திற்குப் பின் மறுகரைப் பாஷை நமக்கு உத்தியோகத்துக்கான நிபந்தனையாகச் சுருங்கிற்று. யுத்தத்தில் அந்தக் கரைகளே கலைந்தன. இன்று அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் இரு பகுதியாரும் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. (அத்தொடரிலே 'கருமம்' என்பது அலுவல், சிங்களத்தில் 'கருமய' என்றால் முன்வினை கொணர்ந்த துன்பம். பரீட்சை எழுதுவோர் சிலர் இரண்டும் ஒன்றே என்பார்கள்.) விதியை நான் குறை சொல்லவில்லை. அந்த வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: கரும்பலகையில் 'பின்' என்ற சொல்லுக்கு நேரே 'புண்ணியம்' என்று எழுதியதும் அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள், அதை யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளை ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள்.