டெமெத்ரியாசுக்கு வந்த கடிதங்கள்

கடவுளின் கட்டளையை மனிதரால் சொந்த பலத்தில் கடைப்பிடிக்க முடியுமா? பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாஜியுஸ், முடியும் என்றார். ஹிப்போவின் ஆயர் அகஸ்தீன், ஆதாமின் வீழ்ச்சிக்குப் பிறகு கிருபையின்றி முடியாது என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுசின் போதனையைக் கண்டித்தார்கள். இரண்டு ஆண்களின் வாதமாகவே இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கோ நடுவில் நின்ற பெண்ணைப் பற்றித்தான் யோசனை.

டெமெத்ரியாஸ், ரோமின் பெருஞ்செல்வர்களான அனிச்சியர் வீட்டுப் பெண். 410இல் நகரம் சூறையாடப்பட்டபின் பாட்டி ப்ரோபாவுடனும் தாய் யூலியானாவுடனும் ஆப்பிரிக்காவுக்குப் போனவள். திருமணம் நெருங்கிய வேளையில் அதை மறுத்து, 413 வாக்கில் கன்னித் துறவு பூண்டாள். உடனே அறிவுரைகள் வந்து குவிந்தன. ஜெரோம் எழுதினார். தாய் கேட்டுக்கொண்டதால் பெலாஜியுசும் நீண்ட கடிதம் எழுதினார். படைத்தவருக்கு நம் திராணி தெரியும், நீதியுள்ளவர் முடியாததைக் கட்டளையிடமாட்டார் என்பது அவர் வாதம். குலமும் பணமும் வீட்டார் தந்தவை. ஆன்மிகச் செல்வத்தை உனக்கு நீயே தவிர வேறு யாரும் தர முடியாது என்றும் சொன்னார்.

இதுதான் அகஸ்தீனை உறுத்தியது. நண்பர் அலிப்பியுசோடு சேர்ந்து எச்சரித்து எழுதினார். மகளுக்கு அல்ல, தாய்க்கு.

'உன்னால் முடியாது' என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு பெலாஜியுஸ் இனிக்கத்தான் செய்வார். ஆனால் முடியும் என்றாகிவிட்டால், தவறும் ஒவ்வொரு முறையும் குற்றம் அவளுடையது மட்டுமே. அவர் கேட்டது அப்பழுக்கற்ற நிறைவை. அலுவலகத்தையும் அடுப்படியையும் சேர்த்துச் சுமப்பவளிடம் 'நீ நினைச்சா முடியும்மா' என்பவர்கள் பாத்திரம் கழுவ வருவதில்லை. அகஸ்தீனிடம் ஒரு கருணை உண்டு: பலவீனத்தை எல்லோருக்கும் பொதுவாக்கினார், தன்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் பாவத்தின் வேர் அகந்தை என்பது அவர் கணக்கு. இறையியலில் பாவத்தை இப்படி அகந்தையாகவே பார்ப்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது என்று வேலரி செய்விங் 1960இல் எழுதினார். பெண்ணின் சோதனை, தனக்கென்று எதுவும் மிஞ்சாமல் பிறருக்குள் கரைந்துபோவதாக இருக்கலாம் என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய முடிவைத் தானாக எடுத்த சிறுபெண்ணைப் பற்றி, அது தன்னுடையது என்று அவள் எண்ணிவிடக் கூடாதே என்று ஓர் ஆயர் கவலைப்படுகிறார்.

பெலாஜியுசின் வாதத்தை அவரே திருப்பிப் பார்க்கவில்லை. நீதியுள்ளவர் முடியாததைக் கேட்கமாட்டார் என்றால், கடவுளின் பெயரால் பெண்ணிடம் முடியாததைக் கேட்கும் சட்டத்தை எழுதியது யார்? என் மாணவிகளை நான் கேட்கச் சொல்வது இதை. முடியுமா முடியாதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

டெமெத்ரியாஸ் எழுதிய எதுவும் நம் கைக்கு வரவில்லை. அவள் பிற்பாடு ரோமுக்குத் திரும்பினாள். அவள் விருப்பப்படி லத்தீன் சாலையோரம், திருத்தந்தை லியோ காலத்தில், புனித ஸ்தேவானுக்கு ஓர் ஆலயம் எழுந்தது. அவள் பெயர் பொறித்த கல்வெட்டு 19ஆம் நூற்றாண்டில் அங்கே மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது.