நற்சொல்லைக் கேட்டுப் பெறும் நெறி

அழகுக்கலை நிலையத்துக்குள் நுழையும் பெண் தன் முகத்தை இன்னொருத்தியின் கையில் ஒப்படைக்கிறாள். புருவத்தின் மேல் நூல் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் அவள் கண்களை இறுக மூடியிருக்கிறாள். இழை சற்றே தவறினாலும் பல வாரங்களுக்குக் கண்ணாடி பார்க்க மனம் வராது. இதற்கு வேண்டிய நம்பிக்கையை முன்னாளில் தமக்கையின் சொல்லும் அயல்வீட்டாரின் சொல்லும் தந்தன. இன்று மாத்தளையிலும் தம்புள்ளையிலும் உள்ள சிறு நிலையங்களைத் தேடி வருவோர் பலர், முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டே படியேறுகிறார்கள். ஆகவே மதிப்புரைகள் பெருக வேண்டும் என்று ஓர் உரிமையாளர் விரும்புவதில் குற்றமில்லை. அவற்றை எவ்வழியில் பெறுகிறார் என்பதில்தான் அவருடைய ஒழுக்கம் தெரியும்.

அவ்விருப்பத்தின் பின்னே நிற்கும் பொருள் நலன் சிறிதன்று. ஆர்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகரத்து உணவகங்களை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்னும் மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதைக் கண்டார். பெயர்பெற்ற பெருநிறுவனக் கிளைகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. தனித்து நின்ற கடைகளுக்கே கிட்டியது. விளம்பரத்துக்குப் பணமில்லாத எளியவருக்கு மதிப்புரையே விளம்பரம் என்பதால், குறுக்கு வழியின் ஈர்ப்பும் எளியவரையே மிகுதியாக வந்து பற்றுகிறது.

அந்தக் குறுக்கு வழிகள் எல்லோரும் அறிந்தவை. கட்டாரிலும் கனடாவிலும் இருக்கும் உறவினருக்கு ஒரு செய்தி அனுப்பினால், நிலையத்தின் வாசலையே மிதிக்காதவர்கள் ஐந்து நட்சத்திரமிட்டுப் புகழ்வார்கள். நன்றாக எழுதினால் அடுத்த முறை கட்டணம் குறையும் என்று சொன்னால் மேலும் சிலர் எழுதுவார்கள். கைம்மாறு கொடுத்து மதிப்புரை பெறுவதையும், மகிழ்ந்தவரை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்பதையும் கூகிள் நிறுவனம் தடை செய்திருக்கிறது. பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் விதி அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வணிகர் நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையை விலக்குகிறது. எனினும் சட்டத்துக்கு அஞ்சி விலகுவது இவ்வொழுக்கத்தின் கீழ்ப்படி மட்டுமே; பிறருக்கு நேரும் தீங்கை எண்ணி விலகுவதே அதனினும் மேல். முகத்தை வெண்மையாக்கும் என்று விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதும், அது தோலின் வழியே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மைகள். அத்தகைய பூச்சொன்றைத் தடவும் நிலையத்தை, உறவுக்காக ஒருவர் கட்டாரிலிருந்து புகழ்ந்து எழுதினால், அதை நம்பி வரும் உக்குவளை ஊர்ப் பெண்ணின் உடல் அந்தப் பொய்க்கு விலை கொடுக்கிறது. எழுதியவர் அதை என்றுமே அறியமாட்டார்.

இதற்கு மாறாக, மாத்தளை மாவட்டத்தின் சீகிரியாக் குன்றில், கேளாமலே எழுதப்பட்ட கருத்துகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கின்றன. பாறையில் தீட்டப்பட்ட மகளிரைக் கண்டு வியந்தவர்கள் அங்கு கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில் பாக்களைக் கீறிச் சென்றார்கள். அவற்றுள் 685 பாக்களை அறிஞர் பரணவிதான படித்தறிந்து 1956 இல் நூலாக வெளியிட்டார். வியப்போடு, அந்த மகளிர் வாய்திறந்து பேசவில்லையே என்ற மனக்குறையும் அவற்றில் உண்டு. எழுதியோர் பலர் தம் பெயரையும் ஊரையும் உடன் பொறித்தார்கள். தாமே கண்டதைத் தம் பெயரில் சொன்னதால்தான் இன்றும் அச்சொற்களை நம்பிப் படிக்கிறோம்.

நேரிய வழி எது என்றால், அது செயலில் தொடங்குகிறது. முடிச்சாயம் பூசக் கேட்டு வருபவரின் காதுக்குப் பின்னே ஒரு துளியைத் தடவி, இரண்டு நாள் பொறுத்து, தடிப்போ அரிப்போ இல்லையென்று கண்ட பின்னரே தலையில் பூச வேண்டும். நாளைக்குத் திருமணம் என்று அவசரப்படுபவரிடம் இதைச் சொன்னால் அன்றைய வருமானம் போகலாம்; ஆனால் பொறுத்திருந்து நலமாகத் திரும்பியவர் அந்தக் கவனத்தைப் பத்துப் பேரிடம் சொல்வார், எழுதவும் செய்வார். வேலை முடிந்ததும் வந்தவர் கண்ணாடியில் தம்மைப் பார்த்துப் புன்னகைக்கும் வேளையில், “விருப்பமானால், கண்டதைக் கண்டபடி எழுதுங்கள் அக்கா” என்று ஒருமுறை கேட்பது போதும். பக்கத்தில் நின்று கைபேசியை நீட்டுவது முறையன்று. எதிரே நிற்பவரின் முகத்துக்காக எழுதும் சொல்லில் உண்மை குறையும். மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் மூலிகைப் பூச்சைக் கையில் தடவிக் காட்டக் கண்டு மகிழ்ந்த பயணிகள் பலர், விலையைப் பற்றிய மனத்தாங்கலை ஊர் திரும்பிய பின்னரே எழுதுகிறார்கள்.

எழுதும்படி கேட்கத் தகாத இடமும் உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலுதட்டு மயிரை நீக்கிக்கொண்டவர், மருந்தின் விளைவாக முடி உதிர்ந்தவர், திருமணத்துக்கு முன் முகத்தழும்பை மறைக்க வந்தவர் ஆகியோருக்குத் தாம் வந்த செய்தியே மறைபொருள். நம் ஊர்கள் சிறியவை. ஒரு பெயரைப் பார்த்தால் குடும்பம் முழுவதும் தெரிந்துவிடும். எனவே மதிப்புரைத் தளத்துக்குச் செல்லும் குறிக்கட்டம் (QR) அச்சிட்ட சிற்றட்டையை வேறுபாடின்றி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, எழுதுவதையும் எழுதாமல் விடுவதையும் அவர்களுக்கே விட வேண்டும். மதிப்புரைகள் மெல்லத்தான் சேரும். ஆனால் முப்பது ஆண்டு நடத்த எண்ணும் தொழிலில் இந்தக் காலத்தாழ்வு இழப்பாகாது.

பூசியதால் தோல் புண்பட்டதென்று ஒருவர் கடுஞ்சொல் எழுதும் நாளும் வரும். அன்று அவ்விமர்சனத்தை அமிழ்த்தப் புகழுரைகளைத் திரட்டுவதும், “உங்கள் தோலில் முன்பே நோய் இருந்தது” என்று ஊரறியப் பதிலெழுதுவதும் பெரும்பிழை. முன்னது பொய், பின்னது அவர் நம்பிச் சொன்ன உடற்செய்தியை வெளியிடும் துரோகம். ஓர் இரவு கழியட்டும். பிறகு நேர்ந்ததற்கு வருந்தி, பூசிய பொருளின் பெயரை அவரிடம் தனியே தெரிவித்து, மருத்துவரைக் காண வழிசெய்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வருத்தத்தை மட்டும் நாலு வரியில் பொதுவில் எழுதலாம். புதிதாக வருபவர் மிகக் குறைந்த நட்சத்திரமிட்ட மதிப்புரையையும் திறந்து பார்ப்பதுண்டு. அதற்குக் கீழே உள்ள பதிலையும் படித்துவிட்டுத்தான் தம் மகளை அழைத்து வருவதா என்று முடிவு செய்கிறார்.