மீன் கடிக்கவில்லையா, அம்மா?

அம்மாவின் 68ஆவது பிறந்தநாளுக்கு அவளை ஒரு மீன் ஸ்பாவுக்கு அழைத்துப் போனேன். சென்னையில் ஒரு மாலின் இரண்டாம் தளம். முழங்கால் உயரக் கண்ணாடித் தொட்டி, அதைச் சுற்றி மெத்தை போட்ட பெஞ்சு. 20 நிமிடத்துக்கு ஆளுக்கு 300 ரூபாய்.

அம்மா அம்பாசமுத்திரத்துக்காரி. "ஆத்துல கால வச்சா சும்மாவே கடிக்கும். இதுக்குப் போயி துட்டு குடுப்பாவளா, ஏட்டி?" என்றாள். தாமிரபரணிப் படித்துறையில் நின்று துணி துவைத்த பெண்கள் எல்லோருடைய கால்களையும் மீன்குஞ்சுகள் கொத்தியிருக்கின்றன. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. துணியை அலசிவிட்டு, பித்தவெடிப்பைக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து, ஈரச்சேலையோடு படியேறி வந்துவிடுவார்கள். வேலைக்கு நடுவே கிடைத்த கூச்சம் அது. வேலையே இல்லாமல் உட்கார்ந்து சிரிக்க ஒரு 20 நிமிடம் அம்மாவுக்கு வாங்கித் தரலாம் என்று நினைத்தேன்.

நான் காலை வைத்ததும் கத்திவிட்டேன். நூறு மீன்களாவது இருக்கும், விரலிடுக்கில் எல்லாம் நுழைந்தன. அம்மாவோ அசையவே இல்லை. என் கால்களைவிட அவள் குதிகால்களில்தான் மீன்கள் அதிகம் மொய்த்தன. அவள் எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்து, 'அம்மாவின் பொறுமையைப் பாருங்கள்' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். தங்கை உடனே ஒரு இதயம் அனுப்பினாள்.

அங்கே வேலை பார்த்த பெண் மிசோரத்திலிருந்து வந்தவள், இருபது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். குனிந்து அம்மாவின் பாதத்தைப் பார்த்தவள், "மீன் கடிக்குது தெரியுதா அம்மா?" என்று கேட்டாள்.

"கடிக்கா? ஒண்ணும் தெரியலையே கண்ணு."

"சுகர் இருக்கா?"

"அது இருக்கு, பன்னெண்டு வருசமா."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அம்மாவின் இரண்டு கால்களையும் தூக்கி வெளியே வைத்தாள். துண்டால் ஒற்றி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்தாள். கல்லாவில் இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளிகள் தவிர்க்கவும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு பலகை, பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த வாரம் மருத்துவர் ஒரு நைலான் இழையால் அம்மாவின் பாதத்தைப் பத்து இடங்களில் தொட்டார். இரண்டு இடத்தில் மட்டும்தான் தொடுவது தெரிந்தது. நரம்பு மரத்துப்போயிருந்தது. நான் பொறுமை என்று எழுதியது அதைத்தான். இது பாதத்தோடு முடிகிற விஷயமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. நம் வீடுகளில் எத்தனை பெண்களின் மரத்துப்போனதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம்? கும்பிட்டதாலேயே அதைப் பரிசோதிக்காமல் விட்டிருக்கிறோம்.

அம்மாவுக்குப் பயந்துதான் மீன்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மீன் கொத்தும் இடம் புண்ணானால் உணர்ச்சியில்லாத காலுக்கு அது தெரியாது, சர்க்கரை நோயில் அந்தப் புண் எளிதில் ஆறவும் ஆறாது. 2011இல் பிரிட்டனின் சுகாதாரத் துறை, தொற்று வரும் ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லிவிட்டு, சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு இந்தோனேசியாவிலிருந்து அந்நாட்டு ஸ்பாக்களுக்கு இறக்குமதியான 6,000 மீன்கள் நோயில் விழுந்தன. மனிதரையும் தாக்கக்கூடிய ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அவற்றில் இருந்தது.

இந்த மீனுக்குப் பெயர் கர்ரா ரூஃபா. துருக்கியில் காங்கல் என்ற ஊரின் வெந்நீரூற்றில், சொரியாசிஸ் நோயாளிகளின் தோலைக் கொத்தித்தான் அது உலகப் புகழ் பெற்றது. அந்தச் சூடான நீரில் அதற்கு இரை குறைவு. மற்ற நீர்நிலைகளில் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று பிழைக்கிற மீன் அது, மனிதத் தோல் அதன் வழக்கமான தீனியே கிடையாது. வயிறு நிறைந்த மீன் நம் குதிகாலைச் சீண்டாது. ஆகவே ஸ்பா நடக்க வேண்டுமென்றால் மீன் பட்டினி கிடக்க வேண்டும். விளம்பரங்களில் இதற்குப் பெயர் 'மீன் முத்தம்'.

மீன்குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத வீட்டில் பிறந்தவள் நான். எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று நானே கேட்டுக்கொண்டேன். முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. தட்டில் இருக்கும் மீன் என்னைக் கொஞ்சுவதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். தொட்டியில் இருப்பதைப் பசியில் வைத்து, அந்தப் பசியை என்மீது காட்டும் பிரியமாகவும் எடுத்துக்கொண்டேன். படித்துறை மீன் பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும்.

அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. அதற்கான காரணங்களைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அழகு நிலையத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் பயன்படுத்திய கருவியை அடுத்தவருக்கு முன் கிருமி நீக்க வேண்டும், முடியாவிட்டால் தூக்கிப்போட வேண்டும். மீனைக் கிருமி நீக்க முடியாது. தூக்கிப்போடக் கட்டுப்படியாகாது. என் பாதுகாப்பை மட்டும் நினைத்து இந்தத் தொழிலை ஒழுங்காக்கினால், எனக்குப் பிறகு அந்த நூறு மீன்களும் குப்பைக்குப் போக வேண்டும். அடுத்த காலுக்குப் புது மீன்கள். எனக்கு எவ்வளவு பாதுகாப்போ அவற்றுக்கு அவ்வளவு சாவு. 'இது பாதுகாப்பானதா?' என்று வாடிக்கையாளராக நான் கேட்டபோது, கேள்விக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அடிமைக்கு அரிஸ்டாட்டில் சொன்ன விளக்கம் 'உயிருள்ள கருவி'. அந்தச் சட்டத்தில் மீனும் அதுதான். அதோடு அந்தப் பெண்ணை ஒப்பிட மாட்டேன், அவள் சம்பளம் வாங்குகிறவள், ஊருக்குப் பணம் அனுப்புகிறவளாகவும் இருக்கலாம். பெண்களை மீன் என்றும் மான் என்றும் சொல்லிச் சொல்லியே நம்மைக் கெடுத்திருக்கிறார்கள். ஆனால் தொட்டிநீரில் நாளெல்லாம் கையை வைத்திருப்பவள் அவள். நகம் வெட்டும் பெண்களின் உழைப்பைப் பற்றி நியூயார்க்கில் ஆய்வு செய்த மிலியான் காங், அதை 'உடல் உழைப்பு' என்கிறார். அடுத்தவர் உடலைத் தொட்டுப் பராமரிப்பதும், அந்த உடலுக்குரியவரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் சேர்ந்த ஒரே வேலை. அங்கே சிரிப்பும் கூலிக்குள் அடக்கம்.

அன்று அந்தப் பெண் சிரிக்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களைக் கல்லாக்காரர் கண்ணெதிரே பாதியில் எழுப்பிவிட்டாள். அதனால் அவளுக்கு என்ன ஆனதோ? நான் நன்றி சொன்னேன். அதோடு கிளம்பிவிட்டேன், அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கல்லாக்காரரிடம் பலகையை முன்னால் எடுத்து வையுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். பெண்ணுரிமை பற்றிக் கட்டுரை எழுதுகிறவள்தான் நான்.

இப்போது தினமும் இரவில் அம்மாவின் பாதங்களைப் பார்க்கிறேன். மருத்துவர் சொன்ன வேலை. கொப்புளம், வெட்டு, சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று விரலிடுக்குவரை பார்க்க வேண்டும். 41 வயதுவரை என் அம்மாவின் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு, படித்துறையில் கண்ணாடிச்சில் குத்தியதாம். எனக்கு அப்போது மூன்று வயதாம், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்தாளாம்.

"வலிக்கலையா?"

"அப்ப நல்லா வலிச்சுது. கால விடு, ஏட்டி, கூச்சமா இருக்கு" என்று இழுத்துக்கொள்கிறாள்.

எந்த இடத்தில் கூசியது என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.